பதினாலாவது ஆள்

அந்தக் கம்பெனிக் கதவு முகத்தைப் பார்த்துத் திறக்காது. வயிற்றைப் பார்த்துத்தான் திறக்கும்.

ஓசூருக்குக் கிழக்கே, பழைய கல்குவாரிகளை மூடிவிட்டு எழுப்பிய கம்ப்யூட்டர் சில்லுத் தொழிற்சாலை அது. நாலாயிரத்து முந்நூறு பெண்கள் மூன்று ஷிப்டாக வேலை பார்த்தார்கள். உள்ளே க்ளீன் ரூம் என்கிற வெள்ளைக் கூடத்தில் சில்லுகளைக் கழுவ ஒரு ரசாயனம் ஓடும். அது பெரியவர்களை ஒன்றும் செய்யாது, வயிற்றில் இருக்கிற சிசுவைத்தான் செய்யும். ஆரம்ப காலத்தில் மூன்று குழந்தைகள் கைவிரல் இல்லாமல் பிறந்தபோது கோர்ட்டு, கேஸ் என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. ரசாயனத்தை மாற்றலாமே என்று யாரோ சொன்னார்கள். அதைவிடப் பெண்களை மாற்றுவது சுலபம் என்று கம்பெனிக்குத் தோன்றியது. வேறென்ன தோன்றும்?

அப்படி வந்ததுதான் கதவு மாத்திரை. சாதாரணக் கருத்தடை மாத்திரைதான். நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு சில்லு, அதுவும் இதே கூடத்தில் செய்தது. வாசலில் நர்ஸ் கொடுக்கிற மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தால், வயிற்று அமிலம் பட்டதும் அது விழித்துக்கொண்டு மணிக்கட்டில் மாட்டிய கைப்பட்டைக்குச் சேதி சொல்லும். பட்டை பச்சையானால் கதவு திறக்கும். அதோடு விடாது. நாலு மணி நேரம் உள்ளே இருந்தபடியே, நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். பாத்ரூமில் போய் விரலை விட்டுக் கக்கிவிட்டு வரலாம் என்று யாரும் நினைக்க முடியாது. விடுமுறை நாளில் வீட்டில் விழுங்க வேண்டும். ஒருநாள் பச்சை விட்டுப்போனால் ஒரு மாசம் உள்ளே போக முடியாது.

தன்ஷிகா நாலு வருசமாக ஒருநாள் விடாமல் அதை விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரையால் தன் உடம்புக்கு எள்ளளவும் பிரயோஜனமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதினோரு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை. மாத்திரை இருக்கிறவரை வலிப்பு இல்லை, மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். ஆனால் கல்யாணச் சந்தையில் அதைச் சொல்ல முடியுமா? அவள் அம்மா மஞ்சுளா சொல்லவில்லை. நிரஞ்சன் வீட்டார் பெண் பார்க்க வந்து, பெண்ணுக்கு முடி எவ்வளவு அடர்த்தி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். மஞ்சுளாவுக்கு அப்போதே யோசனை ஓடிவிட்டது. முடி வளருகிற வைட்டமின் டப்பா ஒன்றை வாங்கி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, வலிப்பு மாத்திரையைப் பிரித்துப் பிரித்து அதில் நிரப்பி மகளிடம் கொடுத்து அனுப்பினாள். மாசம் ஒருமுறை அவளே வந்து நிரப்பிவிட்டும் போனாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தர்மபுரி டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். "இந்த வலிப்பு மாத்திரை ஈரலை முடுக்கி விட்டுடும்மா. கருத்தடை மாத்திரை போட்டா, வந்த வேகத்துல ஈரல் அதை வெளிய தள்ளிடும். முழுங்கினதும் ஒண்ணுதான், முழுங்காததும் ஒண்ணுதான்." சொன்னதோடு காப்பர் டி வைத்தும் விட்டார். அது புருசனுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று திரை கேட்ட கேள்விக்கு இல்லை என்பதைத் தொட்டுவிட்டு வந்தாள். தினமும் வாசலில் ஊருக்காக ஒரு மாத்திரை விழுங்கினாள். அவ்வளவுதான் சங்கதி.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது வினோதினி. நிரஞ்சனின் அண்ணன் பிரபாகரின் மனைவி, தன்ஷிகாவுக்கு ஓரகத்தி. ஐந்து வயது மூத்தவள். ஓரகத்திகள் என்றால் கீரியும் பாம்பும் என்று நினைக்கிறவர்கள் அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். மாமியார் கல்பனா, வந்த நாளிலேயே இரண்டு மருமகள்களுக்கும் ஒரே அலமாரியைக் காட்டி, இந்த வீட்டில் உன்னுது என்னுது கிடையாது என்று சொல்லிவிட்டாள். சீப்பு, எண்ணெய், புடவை, பவுடர் எல்லாம் பொது. கேட்டு எடுத்தால் அந்நியம், பூட்டி வைத்தால் அவமானம். தன்ஷிகா தன் டப்பாவையும் அந்த அலமாரியில்தான் வைத்தாள். வேறெங்காவது ஒளித்து வைத்தால்தான் அது என்ன என்று கேள்வி வரும்.

ஆடி மாசம் ஒருநாள் காலையில் வினோதினி கதவு மாத்திரையை விழுங்கினாள். விழுங்கின சூட்டோடு வாசலிலேயே வாந்தி எடுத்தாள். நர்ஸ் அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள். பத்து வாரம் என்று சொன்னார்கள்.

தன்ஷிகாவுக்கு முதலில் ஒன்றும் சந்தேகம் வரவில்லை. பாவம், ஆயிரத்தில் மூன்று பேருக்கு மாத்திரை கைவிடும் என்பார்களே, அந்த மூன்றில் அக்கா விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள். அப்படி விழுந்தவர்களைக் கம்பெனி கைவிடுவதில்லை. வெளிவேலைக்கு மாற்றி, முழுச் சம்பளம் கொடுத்து, தன் ஆஸ்பத்திரியிலேயே மாசாமாசம் குழந்தையைப் பரிசோதிக்கும். அந்த ரசாயனத்துக்கான பரிசோதனை அங்கே மட்டும்தான் உண்டு. ரசாயனத்தின் பெயர் கம்பெனி ரகசியம்.

விசாரணை அதிகாரி ரெஜினா மேடம் ஐம்பதைத் தாண்டிய பெண். குரலை உயர்த்தாதவள். வினோதினிக்குத் துணையாகப் போன தன்ஷிகா அன்றுதான் அந்தக் கணக்கை முழுசாகக் கேட்டாள்.

"ஆயிரம் பேர் ஒரு வருசம் பூரா ஒருநாள் விடாம முழுங்கினா, மூணு பேருக்கு நிக்கும். வெளி உலகத்துல மறந்து மறந்து முழுங்கறவங்களுக்கு நூத்துக்கு ஏழு. இங்க மறக்க வழியில்ல. அதனால ஆயிரத்துக்கு மூணு. நாலாயிரத்து முந்நூறு பேருக்குப் பதிமூணு. இன்சூரன்ஸ்காரங்க அந்தப் பதிமூணுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றாள் ரெஜினா.

"சரிங்க மேடம்" என்றாள் வினோதினி.

"இந்த வருசத்துக்குப் பதிமூணு முடிஞ்சிடுச்சும்மா. நீங்க பதினாலாவது."

வினோதினிக்குப் புரியவில்லை. தன்ஷிகாவுக்கும் புரியவில்லை. ரெஜினா பொறுமையாக விளக்கினாள். கணக்குப்படி பதிமூன்று பேருக்குமேல் மாத்திரை கைவிட முடியாது. மேலே ஒருத்தி வந்தால் மாத்திரைமேல் தப்பில்லை, அவள் விழுங்கவில்லை என்று அர்த்தம். பட்டை பச்சையாக இருந்திருந்தால், விடுமுறை நாளில் பட்டையை வேறு யார் கையிலோ மாட்டி ஏமாற்றியிருக்கிறாள் என்று அர்த்தம். வருசம் ஜனவரியில் தொடங்குகிறது. மார்ச்சில் வந்திருந்தால் வினோதினி நாலாவது ஆள், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"நான் முழுங்கினேன் மேடம். ஒருநாள் விடல. எங்க பாப்பா மேல சத்தியமா."

"வேற எதாவது மருந்து?"

"ஒண்ணும் இல்லைங்க. சத்து மாத்திரை எதாவது போட்டிருப்பேன், அவ்வளவுதான்."

ரெஜினா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டாள். அதுவரை வேலைக்கு வரக் கூடாது.

வீட்டிலும் நம்புவதற்கு ஆள் இல்லை. பிரபாகர் நல்லவன்தான், குடிக்கிறவனோ அடிக்கிறவனோ இல்லை. ஆனால் அவனும் ஒரு சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி, ஒருநாள் எங்கேயாவது விட்டிருப்பே, ஞாபகம் பண்ணிப் பாரு என்றான். மாமியார், கல்யாணத்துக்குப் போன அன்றைக்குப் போட்டாயா, காய்ச்சல் வந்தபோது போட்டாயா என்று நாள் நாளாகக் கேட்டாள். மிஷின் பொய் சொல்லுமா, மனுஷிதான் மறப்பாள். எல்லோருக்கும் இதுதான் நியாயமாகப் பட்டது. பத்து நாளில் வினோதினிக்கே சந்தேகம் வந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "தனு, நான் நெசமாவே முழுங்கினேன்ல? நீ பக்கத்துல இருந்தேல்ல?" என்று கேட்டாள். இருந்தேன் அக்கா, பார்த்தேன் என்று தன்ஷிகா எத்தனை முறை சொன்னாலும், மறுநாளும் கேட்டாள்.

குழந்தையை என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. மூத்தவள் பிறந்த பிறகு, வேலைக்குச் சேருமுன்பே, வினோதினிக்கு இரண்டு கருச்சிதைவு. இனி நிற்காது என்று கைவிட்ட வயிற்றில் இது தானாக வந்து நின்றிருந்தது. அவளுக்கு அது வேண்டும். விரலில்லாமல் பிறக்குமோ, அதைவிட மோசமாகப் பிறக்குமோ என்று பயமாகவும் இருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மாவிடம் இருவரும் போனார்கள். ரசாயனத்தின் பெயர் தெரிந்தால் என்ன பரிசோதனை என்று சொல்கிறேன், பெயர் தெரியாமல் எதைத் தேடுவது என்று அந்த அம்மாள் கையை விரித்துவிட்டாள். வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூட அந்தப் பெயர் வேண்டும். நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் காலை. தன்ஷிகாவுக்கு வார விடுமுறை. குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். வினோதினி முடி மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ரொம்பப் பழகின கையாக இருந்தது.

"அக்கா, அது என்ன?"

"உன் முடி மாத்திரைடி. க்ளீன் ரூம் குல்லா போட்டுப் போட்டு எனக்கு முன்னாடி பூரா கொட்டிப்போச்சே. தை மாசத்துலேர்ந்து தினம் ஒண்ணு போடறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தப் பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். "ஒண்ணும் முளைக்கல போ. தூக்கம்தான் வருது."

தை மாசத்திலிருந்து. மாசக் கடைசியில் மாத்திரை பத்தாமல் போனதெல்லாம் தன்ஷிகாவுக்கு நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குக் கண் சரியில்லை, எண்ணிப் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒரு அட்டை சேர்த்துப் போடு என்று அவள்தான் சொன்னாள். யார் எடுக்கிறார்கள் என்று வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் பதிலுக்கு அவர்களும் எதையாவது கேட்பார்களே என்ற பயத்தில் கேட்கவில்லை. வினோதினி பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கித் தூங்கி விழுந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஷிப்டு வேலை யாரைத்தான் அசத்தாது என்று.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, கர்ப்பமாக இருக்கும்போது இதெல்லாம் போடக் கூடாதாம், இனிமேல் தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொல்லவில்லை. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் நேராக ரெஜினா மேடத்தின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, பதினோரு வயதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தன் வாயால் அதை முதல்முறையாக ஒரு அந்நியரிடம் சொன்னாள். முடிந்ததும் ரெஜினா மேஜைத் திரையை அவள் பக்கம் திருப்பினாள். வினோதினியின் பெயருக்கு நேரே ஒரு வரி இருந்தது: வயிற்றில் வேறு பொருள் உண்டு, விவரம் வெளியிட அனுமதி இல்லை.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"என்னன்னு தெரியாது. எதோ இருக்குன்னு தெரியும். மிஷினுக்கு எல்லாம் தெரியும்மா. கதவு மாத்திரைக்குப் பக்கத்துல என்ன கெடந்தாலும் அது பார்க்கும். சொல்லத்தான் அதுக்கு உரிமை கெடையாது. எங்க வயித்துல வேற எது கெடந்தா உங்களுக்கென்னன்னு ஆறு வருசம் முன்னாடி யூனியன் நாப்பது நாள் வெளிய உக்காந்து வாங்கின உரிமை. மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்க, காசநோய்க்குச் சாப்பிடறவங்க, உங்கள மாதிரி இருக்கறவங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா வாழ்க்கை போயிடும்னு அழுதாங்க. நானும் அப்ப லைன்ல வேலை பார்த்தேன். நானும்தான் உக்காந்தேன்."

அந்த உரிமையால்தான் இத்தனை நாள் தன்ஷிகாவின் பிழைப்பு ஓடியது. அதே உரிமைதான் வினோதினியிடம் ஒரு வார்த்தை சொல்லவிடாமல் மிஷினின் வாயைக் கட்டி வைத்திருந்தது.

"இந்த வருசத்துப் பதிமூணு பேர்ல ஒம்பது பேருக்கு இதே வரி வந்திருக்கு. நான் கேக்கல. கேக்கவும் கூடாது. அவங்க சொல்லாம இருந்ததால மாத்திரை கைவிட்டதா எடுத்துக்கிட்டோம். பதிமூணும் தீர்ந்துபோச்சு" என்றாள் ரெஜினா.

இப்போது நான் உண்மையை எழுதிக் கொடுத்தால் அக்காவுக்கு அந்தப் பரிசோதனை கிடைக்குமா என்று தன்ஷிகா கேட்டாள். அதற்காகத்தானே வந்தாள். ரெஜினா இல்லை என்று தலையை ஆட்டினாள். வேறு மருந்தால் மாத்திரை வேலை செய்யாமல் போனால், அது மாத்திரையின் தப்பில்லை, சாப்பிட்டவளின் தப்பு. ஏமாற்றுக்காரி என்ற பெயர் இருக்காது, ஆனால் வேலையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மறைத்ததற்காகத் தன்ஷிகாவுக்கும் வேலை போகும். மருத்துவ விவரம் திறக்கப்பட்டதென்று வீட்டுத் தலைவரின் போனுக்குத் தகவல் போகும். அது அவள் புருசனின் போன். வினோதினி விழுங்கவில்லை என்று தானாக ஒப்புக்கொண்டுவிட்டால் அவளுடைய வேலை மட்டும் போகும், வேறு யாருக்கும் எதுவும் ஆகாது. வழக்காடித் தோற்றால் ஜில்லாவில் எந்தத் தொழிற்சாலையிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

"எந்தப் பக்கம் போனாலும் அந்தக் குழந்தைக்கு இங்க டெஸ்ட் கெடையாதும்மா. எனக்கு வேற சொல்லத் தெரியல" என்றாள் ரெஜினா. அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

தன்ஷிகா அன்றே வினோதினியிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் சொல்ல முடியாது. ரேஷன் கடைக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு போய், வழியில் ஏரிக்கரைப் பாலத்துக் கட்டையில் உட்காரவைத்துச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வினோதினி முதலில் கேட்டது இதைத்தான்.

"அப்போ நான் முழுங்கினது நெசம்தானே?"

"நெசம்தான் அக்கா."

"ஒருநாள் கூட விடல?"

"விடல."

வினோதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியாகவும் இருந்திருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருந்திருக்கும். அழுது முடித்தபிறகுதான் கோபம் வந்தது. "தாலி ஏறின அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. நான் என்ன ஊர்ல தண்டோராவா போட்டிருப்பேன்? உன் தலைய நான்தானே தினம் வாரி விடறேன். அப்ப ஒருநாள் வாயில வரலையா?" என்றாள். அடித்தாலாவது தேவலை என்றிருந்தது தன்ஷிகாவுக்கு. அவள் அடிக்கவில்லை. ரெஜினா என்ன சொன்னாள் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"நான் உண்மைய எழுதிக் குடுத்திடறேன் அக்கா. உங்க பேராவது நல்லபடியா இருக்கட்டும்."

"என் பேரை வச்சு நான் என்ன பண்ண? எனக்கு வேண்டியது சில்லு கழுவற அந்த மருந்தோட பேரு." வினோதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "அது வந்து இறங்கற டிரம் ரூம்லதானே நீ இருக்கே? எங்களுக்குக் குழாய்ல வருது, ஒண்ணும் தெரியாது. நீ டிரம்மையே பாக்கறே."

டிரம்மில் கம்பெனி ஒட்டின நம்பர்தான் இருக்கும் என்றாள் தன்ஷிகா. சொல்லும்போதே அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த நம்பர் சீட்டுக்கு அடியில், செய்து அனுப்புகிறவன் ஒட்டின பழைய சீட்டு ஒன்று இருக்கும். ஒரு டிரம்மில் ஓரம் பிய்ந்து எழுத்துத் தெரிந்ததைக்கூடப் பார்த்திருக்கிறாள். நாலு வருசத்தில் ஒருநாளும் குனிந்து படித்ததில்லை. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

"அது போதும்டி. போன் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். படிச்சு மனசுல வச்சுக்கிட்டு வந்து சொல்லு. கிருஷ்ணகிரி டாக்டரம்மா மத்ததைப் பாத்துக்குவாங்க." வினோதினியின் குரலில் பல நாளாக இல்லாத ஒரு தெம்பு வந்திருந்தது. "நீ வாயத் தொறக்காதே. நான் முழுங்கலைன்னு ஒத்துக்கறேன். என் வேலை எப்படியும் போனதுதான். நீ உள்ள இருக்கணும்."

தன்ஷிகா மாட்டேன் என்றாள், அழுதாள், கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் சரி என்றாள். அடுத்த இரண்டு நாளும் டிரம் ரூமில் சூப்பர்வைசர் நகராமல் நின்றிருந்தான், சீட்டைத் தொட முடியவில்லை. திங்கட்கிழமை புது லோடு இறங்கும், அப்போது அவன் வெளியே போவான், பார்த்துவிடலாம் என்று வினோதினிக்குத் தைரியம் சொன்னாள்.

விசாரணை சனிக்கிழமை வந்தது. வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வரலாம் என்பதால் தன்ஷிகாவே போனாள். ரெஜினா இருவர் முகத்தையும் பார்த்தாள். என்ன முடிவோடு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரையைத் திறந்தாள்.

வினோதினி, நான் விழுங்கவில்லை என்றாள். எத்தனை நாள் என்று திரை கேட்டது. ஏழெட்டு நாள் என்றாள். தேதி கேட்டது. ஒருநாளும் தவறாதவளுக்குத் தவறின தேதிக்கு எங்கே போவது? நாத்தனார் வீட்டு விசேஷம், பாப்பாவுக்கு அம்மை போட்ட வாரம், மழையில் பஸ் நின்ற நாள் என்று வாய்க்கு வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த ஒவ்வொரு நாளும் அவள் விழுங்கினதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் தன்ஷிகா. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நம்புங்கள் நம்புங்கள் என்று இரண்டு வாரமாகக் கெஞ்சினவள், தன் வாயாலேயே தன்னைப் பொய்க்காரியாக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் யாரால்?

கடைசிப் பக்கம் வந்ததும் ரெஜினா புருவத்தைச் சுருக்கினாள்.

"இது போன மாசம் சேர்த்திருக்காங்க போல. நான் இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படித்தாள். "பச்சை காட்டறதுக்காக உங்க பட்டையை யார் கையில மாட்டுனீங்க?"

"யாரோ ஒருத்திங்க. பஸ்ல வர்ற பொண்ணு."

"பேர் வேணும்மா. பேர் இல்லாம இந்தப் பக்கம் மூடாது. மூடலைன்னா நீங்க ஒத்துக்கிட்டதா ஆகாது."

திரையில் அவர்கள் பஸ்ஸில் வருகிற நாற்பத்தொரு பெண்களின் பெயர்கள் வந்து நின்றன. இரண்டு வருசமாக வந்து போனவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். வினோதினி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடியும் மேலே போனாள். விரல் தூக்கினபடியே நின்றது. அவள் நெற்றியில் வேர்வை வழிந்து புருவத்தில் நின்றதைத் தன்ஷிகா பார்த்தாள். யார் பெயரைச் சொல்வாள்? எந்தப் பாவப்பட்டவள் வயிற்றில் அடிப்பாள்? எனக்காக இவள் இன்னும் எவ்வளவுதான் சுமப்பாள்? இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றுசேர்ந்து அவளைப் பிடித்துத் தள்ளியது.

"நான்தான் மேடம். என் கையிலதான் மாட்டுனாங்க. ரெண்டு பட்டை, ரெண்டு மாத்திரை."

ரெஜினா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். உண்மை முழுவதும் தெரிந்த ஒரே அதிகாரி அவள். வேண்டாம் என்பதுபோல ஒரு விநாடி உதடு அசைந்தது. ஆனால் பேச்சைக் கேட்டுத் தானாக எழுதிக்கொள்கிற திரை அது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. தன்ஷிகாவின் பெயரில் கட்டம் விழுந்தது, பக்கம் மூடிக்கொண்டது. அவள் மணிக்கட்டில் பட்டை கறுத்து, தானாகக் கழன்று மடியில் விழுந்தது.

தன்ஷிகாவுக்கு அழுகை வரவில்லை. நாலு வருசத்தில் முதல்முறையாக மார்பில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன், அக்காவைத் தனியாக விடவில்லை என்று நினைத்தாள். வினோதினியின் கையைத் தேடிப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

இருவரும் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அங்கே இருந்த பெஞ்சில் வினோதினி மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று.

"போன மாசம் வேலைய விட்டு ஒடிசாவுக்கே போயிட்டாளே சபித்ரி, அவ பேரு அதுல இருந்துச்சுடி. எங்க இருக்குன்னு தேடிட்டிருந்தேன். அவளை இனிமே யாரு என்ன பண்ண முடியும்?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நீ உள்ள இருக்கணும்னுதானேடி நான் அவ்வளவு பொய்யும் சொன்னேன். திங்கக்கிழமை அந்தச் சீட்டை இனிமே யாரு போய்ப் படிப்பா?"